டி.ரெக்ஸா, கார்னோடாரஸா, ராஜாசாரஸா: சாஸ்திர மேளாவுக்கு எந்தக் குட்டைக் கையைச் செய்வது?

ஓணப் பரீட்சை முடிந்த கையோடு கேரளப் பள்ளிகளின் உபஜில்லா சாஸ்திர மேளா, அதாவது வட்டார அறிவியல் கண்காட்சிப் போட்டி, வந்துவிடும். பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளில் ஸ்டில் மாடலுக்கு (அசையாத மாதிரிக்கு) டைனோசர்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் நிறைய, அதிலும் டி.ரெக்ஸின் (டைரனோசாரஸ் ரெக்ஸ்) அந்தச் சின்னக் கை மேல்தான் எல்லோருக்கும் கண். நல்ல தேர்வு, நான் மறுக்க மாட்டேன். ஆனால் "டி.ரெக்ஸின் கை ஏன் சிறியது?" என்று சார்ட்டில் பெரிதாக எழுதிவிட்டு, போனில் தேடினதும் முதலில் வந்த காரணத்தைக் கீழே ஒட்டினால், ஜட்ஜ் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே பிள்ளை திணறிவிடும். டீச்சர்மாரும் வீட்டில் உதவி செய்கிற அண்ணன் அக்காமாரும் முன்கூட்டியே உட்கார்ந்து இரண்டு விஷயத்தை முடிவு செய்யவேண்டும்: எந்த விளக்கத்தை எழுதுவது, எந்த விலங்கைச் செய்வது. விளக்கத்தை முதலில் முடிவு செய்யுங்கள், விலங்கு தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் அந்தக் கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வளர்ந்த டி.ரெக்ஸ் சுமார் 12 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ். கை தோளிலிருந்து நகநுனி வரை சுமார் 1 மீட்டர். மேற்கை எலும்பு 40 செ.மீ.க்குள் முடிந்துவிடுகிறது, தொடை எலும்பு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். விரல் இரண்டே இரண்டு. மூன்றாவது விரலுக்கு உரிய உள்ளங்கை எலும்பு மட்டும் ஒரு சிம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்னம் பிரவுன் 1902-ல் மொன்டானாவில் தோண்டியெடுத்த எலும்புகளை வைத்து 1905-ல் இந்த விலங்குக்குப் பெயர் வைத்தவர் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன். அதோடு கிடைத்த மேற்கை எலும்பு இவ்வளவு பெரிய உடம்புக்குச் சேர்ந்ததுதானா என்று அவருக்கே அப்போது சந்தேகம் இருந்தது. நியூயார்க் மியூசியத்தில் 1915-ல் நிறுத்தியபோது கையில் மூன்று விரல் வைத்துத்தான் நிறுத்தினார்கள், ஏனென்றால் டி.ரெக்ஸின் முழுக் கை அதுவரை யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. கேத்தி வாங்கெல் என்ற பெண்மணி 1988-ல் மொன்டானாவில் கண்டெடுத்த எலும்புக்கூட்டில்தான் கை முழுசாக வந்தது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பொம்மைகள் பலவற்றில் இன்னமும் மூன்று விரல்தான், அதைப் பார்த்து மாடல் செய்யாதீர்கள்.

இனி விளக்கங்கள். எல்லாவற்றையும் படித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது, இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. கை ஏன் சிறுத்தது என்பது ஒன்று. சிறுத்துப்போன கையை வைத்து அது என்ன செய்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான இடத்தில் இரண்டாவது கேள்வியின் பதிலை எழுதிவைப்பதுதான் நான் பார்த்த பெரும்பாலான சார்ட்டுகளில் நடக்கிறது.

இணை சேரும்போது துணையைப் பிடித்துக்கொள்ள இந்தக் கை உதவியிருக்கும் என்று ஆஸ்போர்ன் 1906-லேயே எழுதினார். இருக்கலாம், இல்லை என்று சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. பார்னி நியூமன் 1970-ல் வேறொன்று சொன்னார்: படுத்திருக்கும் டி.ரெக்ஸ் எழுந்திருக்கும்போது உடம்பு முன்னால் வழுக்கிப் போகாமல் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டிருக்கும். ஸ்டீவன் ஸ்டான்லி 2017-ல் இதைக் கத்தி மாதிரி ஆயுதம் என்றார், இரையோடு ஒட்டி நின்று 10 செ.மீ. நகத்தால் கிழித்திருக்கும், விரல் குறைந்ததால் ஒவ்வொரு நகத்திலும் அழுத்தம் கூடியிருக்கும் என்பது அவர் வாதம். மூன்றையும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றிடமும் ஒரே கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: இந்த வேலைக்குக் குட்டைக் கை எப்படி நீளக் கையைவிட மேல்? துணையைப் பிடிக்க நீளக் கை நல்லது. ஊன்றி எழ நீளக் கை நல்லது. கிழிக்கிறதுக்குச் சொல்லவே வேண்டாம், 1 மீட்டர் கையால் கிழிக்கவேண்டும் என்றால் நெஞ்சை இரையின் மேல் வைத்து அழுத்த வேண்டியிருக்கும், அந்தத் தூரத்துக்கு முன்னாலேயே வாய் போய்ச் சேர்ந்துவிடும். ஆகையால் இந்த மூன்றும் இரண்டாவது கேள்விக்கான பதில்கள். கை சிறுத்த பிறகு மிச்சமிருந்ததை எதற்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்று அவை சொல்கின்றன, ஏன் சிறுத்தது என்று சொல்லவில்லை.

அப்படியானால் கை ஒன்றுக்கும் உதவாத மிச்சம் என்று எழுதிவிடலாமா? அதுவும் கூடாது. கென்னத் கார்ப்பென்டரும் மாட் ஸ்மித்தும் 2001-ல் இந்தக் கையின் பலத்தைக் கணக்குப் போட்டார்கள். பைசெப்ஸ் தசை மட்டுமே சுமார் 200 கிலோவைத் தூக்கக்கூடியது. எலும்பின் சுவரும் நல்ல தடிப்பு, பாரம் தாங்குவதற்கென்றே இருப்பதுபோல. அதே சமயம் அசைவு ரொம்பக் குறைவு, தோளில் 40 டிகிரி, முழங்கையில் 45 டிகிரி, அவ்வளவுதான். எட்டாது, வீசாது, ஆனால் பிடித்தால் விடாது. இப்படி ஒரு கையைப் பார்த்து "பயனற்றது" என்று எழுத எனக்கு மனம் வராது.

முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவை இரண்டு. ஒன்று கெவின் பேடியன் 2022-ல் எழுதியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டைனோசர் பாடம் எடுத்தபோது "கை ஏன் இவ்வளவு குட்டை?" என்று வருஷா வருஷம் கேட்டிருக்கிறார்கள், அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போய் ஒரு கட்டுரையாகவே எழுதிவிட்டார். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: கை குட்டையானதால் விலங்குக்கு என்ன ஆதாயம்? கூட்டமாக ஒரே இரையைத் தின்னும்போது, பக்கத்தில் நிற்பவனின் ஒன்றரை மீட்டர் நீளத் தலை மாமிசத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் நீளக் கையை நீட்டிக்கொண்டு நின்றால் கடிபடும், ரத்தம் போகும், சீழ் பிடிக்கும், சாவு. குட்டைக் கைக்காரன் பிழைப்பான். கனடாவின் அல்பர்ட்டாவில் பார்னம் பிரவுன் 1910-ல் கண்ட இடத்தில் டி.ரெக்ஸின் சொந்தக்காரனான அல்பர்டோசாரஸ் பல ஒன்றாகக் கிடந்தன, ஆக டைரனோசார்கள் (டி.ரெக்ஸின் வம்சம்) சேர்ந்து வாழ்ந்தன என்பதற்கு ஆதாரம் உண்டு. அர்ஜென்டினாவின் மாபுசாரஸ் என்ற வேறு வம்சத்து மாமிசத் தின்னி டைனோசரும் அப்படிக் கூட்டமாகவே கிடைத்தது. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே மனதில் நிற்கும். ஆனால் இதற்குத் தேவையான நேரடிச் சான்று கையெலும்பில் இருக்கவேண்டும், பழைய குட்டைக் கைகளில் கடித்தழும்பு குறைவாகவும் உடம்பின் மற்ற இடங்களில் அதிகமாகவும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மியூசியங்களில் அதைத் தேடலாம் என்று பேடியனே சொல்கிறார். சேர்ந்து கிடந்தவை சேர்ந்து தின்றனவா என்பதும் வேறு கேள்வி. ஒற்றை விளக்கமாக இதை மட்டும் வைத்து மேளாவுக்குப் போக நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றைத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்: கையின் வேலையைத் தலை எடுத்துக்கொண்டது. டைரனோசார் வம்சத்தின் ஆரம்பத்தில் குவான்லாங் என்று ஒன்று, சீனாவின் சின்ஜியாங்கில் கிடைத்து 2006-ல் பெயரிடப்பட்டது. சுமார் 16 கோடி வருஷத்துக்கு முந்தியது, 3 மீட்டர் நீளம், மூன்று விரலோடு நல்ல நீளக் கை. இரையைக் கையால் பிடித்து வாயால் கடிக்கிற விலங்கு அது. அப்புறம் வம்சம் பெருக்கப் பெருக்கத் தலை பெருக்கிறது, பல் தடிக்கிறது, தாடை அகலுகிறது, கை குறைகிறது. டி.ரெக்ஸில் வந்து நிற்கும்போது ஒரே ஒரு பின்பல்லில் விழும் கடி 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை இருக்கும் என்று 2012-ல் பேட்ஸும் ஃபாக்கிங்ஹாமும் கணக்கிட்டார்கள். எலும்போடு நொறுக்குகிற வாய் கிடைத்துவிட்டது, இனி இரையைப் பிடித்துக்கொடுக்கத் தனியாக ஒரு உறுப்பு எதற்கு? அதுமட்டுமல்ல, இரண்டு காலில் நடக்கும் விலங்குக்கு இடுப்புதான் தராசு முள், முன்பக்கம் தலையில் பாரம் ஏறினால் வேறெங்காவது இறங்கியாக வேண்டும். கனத்த தலையை வீசுகிற கழுத்துத் தசையும் கையை இயக்குகிற தசையும் தோள்பக்கத்தில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்ற வாதமும் உண்டு.

இந்த விளக்கத்தை ஏன் நம்புகிறேன் என்றால், இதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. இரையைத் தலையே பிடிக்கிறதென்றால் கை சிறுக்கவேண்டும், தலை லேசானதென்றால் கை பெரிதாகவே இருக்கவேண்டும். இங்கிலாந்தின் சர்ரேயில் 1983-ல் கிடைத்த பேரியோனிக்ஸ் என்ற டைனோசரைப் பாருங்கள், முதலை மாதிரி ஒடுங்கிய நீள மூக்கு, கையில் வளைவோடு அளந்தால் சுமார் 30 செ.மீ. வருகிற நகம். மெகாராப்டர் என்ற டைனோசர் கூட்டமும் அப்படித்தான், மெல்லிய தலை, பயங்கரமான கை.

அதைவிடப் பெரிய சாட்சி, கை சிறுத்தது டைரனோசார்களில் மட்டும் நடக்கவில்லை. அர்ஜென்டினாவின் படகோனியாவில் கிடைத்து 2022-ல் பெயரிடப்பட்ட மெராக்சஸ் கிகாஸ், கார்க்கரோடான்டோசார் என்ற வேறொரு பெரிய மாமிசத் தின்னி டைனோசர் கூட்டத்தைச் சேர்ந்தது. டி.ரெக்ஸுக்கு நெருங்கிய சொந்தம் கிடையாது, டி.ரெக்ஸ் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னாலேயே போய்விட்டது. ஆனாலும் உடம்புக்கும் கைக்கும் உள்ள விகிதம் டி.ரெக்ஸ் மாதிரியே, தலையும் பெரிது, ஒன்றேகால் மீட்டர். மூன்றாவது கூட்டம் ஏபெலிசார்கள் என்ற மாமிசத் தின்னி டைனோசர்கள். அவற்றில் பேர்போனது கார்னோடாரஸ், இரண்டு கொம்போடு வருமே, அது. ஜோசே பொனபார்ட்டே 1985-ல் விவரித்தது. சொந்தபந்தம் இல்லாத மூன்று வம்சங்கள் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கும்போது, டி.ரெக்ஸுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு காரணத்தைச் சொல்லி நிறுத்துவது போதாது.

கார்னோடாரஸின் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். டி.ரெக்ஸில் கை முழுசும் சேர்ந்து சிறுத்தது. இங்கே மேற்கை எலும்பு ஓரளவு நீளமாகவே இருக்கிறது, நேராக, உருண்டையாக. முழங்கைக்குக் கீழேதான் எல்லாம் சுருங்கிவிட்டது, முன்கை எலும்புகள் மேற்கையில் நாலில் ஒரு பங்குதான். மணிக்கட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. விரல் நாலு, ஆனால் எல்லாம் கட்டைகள், ஒன்றையும் பிடிக்க முடியாது. இதன் சொந்தக்காரன் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸுக்குத் தோள்மூட்டு எலும்பு பந்து மாதிரி உருண்டை, அதாவது தோள் நன்றாகச் சுழன்றிருக்கும், கையோ ஒன்றுக்கும் எட்டாது. டி.ரெக்ஸ் கை அசையாது, பலம் உண்டு. இவற்றின் கை அசையும், பிடி கிடையாது. குட்டைக் கை என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு வேறு உறுப்புகள் இருக்கின்றன, பார்க்கிறவர் கண்ணில் இது பளிச்சென்று படவேண்டும்.

என் விளக்கத்துக்கு இங்கே ஒரு இடைஞ்சலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கார்னோடாரஸின் தலை டி.ரெக்ஸ் அளவுக்குப் பெரிது இல்லை, குட்டையான, உயரமான தலை. தலை பெருத்ததால் கை சிறுத்தது என்று மட்டும் எழுதினால் கார்னோடாரஸை வைத்தே ஜட்ஜ் மடக்கிவிடலாம். வேலை தலைக்கும் கழுத்துக்கும் மாறியது என்று எழுதுங்கள், அது இரண்டுக்கும் பொருந்தும், கார்னோடாரஸின் கழுத்து பருத்து வலுவானது.

சரி, விலங்குக்கு வருவோம்.

முழு டி.ரெக்ஸ் செய்யலாம் என்பது எல்லோரின் முதல் ஆசை. மேளாவில் கிடைப்பது ஒரு மேசை அளவு இடம். இருபதில் ஒரு பங்காகச் செய்தால் உடம்பு 60 செ.மீ., கை 5 செ.மீ. விரல் எண்ணிக்கையைக்கூடக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பேசப்போவது கையைப் பற்றி, மாடலில் தெரிவதோ பல்லும் வாலும். இதை விட்டுவிடலாம்.

சிரிஞ்ச் இரண்டை டியூபால் இணைத்துத் தண்ணீர் அழுத்தத்தில் கையை அசைப்பது வொர்க்கிங் மாடல் பக்கம் போகும். முழங்கை 45 டிகிரிக்கு மேல் மடங்காதபடி தடுப்பு வைத்துச் செய்தால் அருமையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜட்ஜ் பாஸ்கல் விதியைக் கேட்க ஆரம்பித்துவிடுவார், டைனோசர் பின்னால் போய்விடும், அதோடு சிரிஞ்ச் ஒழுகினால் சார்ட்டும் நனையும். பிசிக்ஸில் கெட்டியான பிள்ளை இருந்தால் மட்டும் இதற்குப் போகலாம்.

ராஜாசாரஸ் செய்யவேண்டும் என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். நம் நாட்டு விலங்கு, குஜராத்தில் பாலாசினோர் பக்கம் ராயோலியில் 1980-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் எடுத்த எலும்புகள், 2003-ல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் கிடைத்தது. ஏபெலிசார்தான். கபாலப் பகுதி, முதுகெலும்பு, இடுப்பு, கால், வால் எல்லாம் அதில் உண்டு, கை மட்டும் இல்லை. படங்களில் நாம் பார்க்கும் ராஜாசாரஸின் கை கார்னோடாரஸையும் மஜுங்காசாரஸையும் பார்த்து வரைந்தது. கையைப் பற்றிப் பேசுகிற மாடலில் கையே கிடைக்காத விலங்கை நடுவில் வைக்க முடியாது. ஆனால் சார்ட்டின் ஒரு மூலையில் இந்திய வரைபடம் போட்டு, இந்தக் கூட்டம் இங்கேயும் இருந்தது, மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்று கட்டாயம் எழுதுங்கள். பார்க்க வருகிற சின்னப் பிள்ளைகள் அந்த மூலையில்தான் நிற்பார்கள்.

என் தேர்வு: உடம்பே வேண்டாம், கைகளை மட்டும் நிஜ அளவில் செய்யுங்கள். டி.ரெக்ஸ் கை 1 மீட்டர், கார்னோடாரஸ் கை சுமார் அரை மீட்டர், பக்கத்தில் ஈமு சிறகு ஒரு சாண். மூன்றும் ஒரே மேசையில் தாராளமாக அடங்கும். பின்னால் டி.ரெக்ஸ் தலையை நிஜ அளவில் கார்ட்போர்டில் வெட்டி நிறுத்தினால் தலை எவ்வளவு, கை எவ்வளவு என்பதை ஜட்ஜ் வாய்திறந்து கேட்கும் முன்பே கண் சொல்லிவிடும். ஈமு எதற்கு என்றால், அது உயிரோடு இருக்கிற சாட்சி. கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் ஈமு பண்ணைகள் இருந்தன, நம் ஊர் ஆட்களில் அதைக் கிட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. சிறகைத் தூக்கிப் பார்த்திருந்தால் நுனியில் ஒரே ஒரு நகம் தெரிந்திருக்கும். ஓடுகிற வேலை காலுக்கு, கொத்துகிற வேலை அலகுக்கு, பறக்கிற வேலை போய்விட்டது, சிறகு இப்படி ஆகிவிட்டது.

செய்யும்போது சிலது கவனம். டி.ரெக்ஸின் உள்ளங்கைகள் தரையைப் பார்க்காது, ஒன்றையொன்று பார்க்கும், கைதட்டப் போகிற மாதிரி. இரண்டு விரலில் ஒன்று குட்டை, ஒன்று நீளம், நகம் நல்ல வளைவு. எலும்புக்குக் காய்ந்த தென்னை மட்டையைச் செதுக்கிக்கொள்ளலாம், தோப்பில் கேட்டால் சும்மாவே தருவார்கள், பச்சை மட்டையில் செய்தால் மேளாவுக்குள் சுருங்கிக் கோணிவிடும். மேலே பேப்பர் கூழ், நகத்துக்கு மட்டும் எம்-சீல். தெர்மாகோலைக் கொஞ்சமாக வையுங்கள், பஸ்ஸில் சித்தூர் போய்ச் சேர்வதற்குள் முனை உடைந்துவிடும். ஜில்லாவுக்குப் போனால் ஜட்ஜ் மலையாளத்தில்தான் கேட்பார், அதனால் எலும்புகளின் பெயரை இரண்டு மொழியிலும் ஒட்டிவிடுங்கள், பிள்ளை தமிழில் யோசித்துத் தடங்கலில்லாமல் பேசட்டும்.

சார்ட்டை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் "ஏன் சிறுத்தது": வேலை தலைக்கும் கழுத்துக்கும் மாறியது, பக்கத்தில் பேடியன் சொன்னது. வலது பக்கம் "மிச்சக் கை என்ன செய்தது": ஆஸ்போர்ன், நியூமன், ஸ்டான்லி மூவரும் அங்கே. மோனோனிக்கஸ் என்ற சின்ன டைனோசரின் கையும் குட்டைதான், ஆனால் அதன் ஒற்றைப் பெரிய நகம் தோண்டுவதற்கென்று அமைந்தது என்பதை வலது பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால், குட்டை என்றாலே வீண் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக, ஜட்ஜ் கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி: தேவையில்லை என்றால் கை முழுசாகவே ஏன் மறையவில்லை? முழுசாக மறைந்த விலங்கு உண்டு. நியூசிலாந்தில் இருந்த மோவா பறவைக்குச் சிறகெலும்பு என்று ஒன்றே கிடையாது. டி.ரெக்ஸில் அப்படி நடக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கையில் அத்தனை தசை இருந்தது, வேலையில்லாத உறுப்புக்கு 200 கிலோ தூக்கும் தசை நிற்காது. அது என்ன வேலை என்று ஜட்ஜ் மறுபடி கேட்டால் பிள்ளை வலது பக்கத்தைக் கைகாட்டி, மூன்றில் எது உங்களுக்குச் சரியாகப் படுகிறது சார் என்று தைரியமாகக் கேட்கலாம்.